பூவும் கட்டமும் கூடிய உடை

ஆடை வரலாற்றைப் பேசப் புகுவோர் பட்டையும் சரிகையையும் அரண்மனையையும் நாடிச் செல்வது வழக்கம். மணப்புடவைக்கு வரலாறு உண்டு. கழனிக்கும் கிணற்றடிக்கும் சந்தைக்கும் உடுத்திச் சென்ற புடவைக்கு அது வாய்க்கவில்லை. காரணம் எளிது. பட்டு பேழைக்குள் உறங்கிற்று. நாளும் உடுத்தது கிழிந்தது. கிழிந்த புடவை பாவாடையாயிற்று. பாவாடை தலையணை உறையாயிற்று. உறை அடுப்படியில் கரித்துணியாகி மறைந்தது. சான்று அழிந்துபோன இடத்தில் வரலாறு எழுதுவது கடினமே. எனினும் என் மனத்தை நெடுநாள் உறுத்திய ஒரு வினா உண்டு. கட்டத்தோடு பூவையும், கோட்டோடு புள்ளியையும் சேர்த்து உடுத்தும் வழக்கம் நம் பெண்களிடையே ஒருகாலத்தில் இயல்பாக இருந்தது. அஃது எப்போது, எதனால், நாணத்துக்குரிய ஒன்றாக மாறியது?

இவ்வினாவை எழுப்பியது ஒரு நிழற்படம். 1964ஆம் ஆண்டு காரைக்குடியில் ஒரு படப்பிடிப்பு நிலையத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். என் தாயைப் பெற்ற பாட்டி, எங்கள் பக்கத்து வழக்கில் அம்மாச்சி, நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவர் உடுத்தியிருப்பது புளியங்கொட்டைக் கட்டமிட்ட சேலை. ரவிக்கையோ உள்ளங்கையளவு பூக்கள் நிறைந்த சீட்டித் துணி. அருகில் நிற்கும் அவருடைய தங்கைக்குக் கோடிட்ட பாவாடை, புள்ளித் தாவணி, கொடியோடிய சட்டை. முன்னே நிற்கும் எட்டு வயதுச் சிறுமி என் தாய். அவர் பாவாடையிலும் சட்டையிலும் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு வேறு பூக்கள். படம் எடுக்கச் செல்வது அந்நாளில் ஒரு விழா. உள்ளதில் நல்லதையே உடுத்திச் சென்றிருப்பார்கள். அம்மூவர் முகத்திலும் குறைபட்ட சாயல் சிறிதும் இல்லை.

துணியில் பூவேலை செய்வது தமிழர்க்குப் புதிதன்று. பாம்பின் சட்டை போன்றதும், இழை புகுந்த வழி கண்ணுக்குப் புலப்படாததும், பூவேலை நிறைந்ததுமான ஆடையைப் பொருநராற்றுப்படை காட்டுகிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதைக்கு உரைவகுத்த அடியார்க்கு நல்லார் 36 வகைத் துகில்களின் பெயரை வரிசையாகத் தருகிறார். அவற்றுள் சித்திரக்கம்மி, பொன்னெழுத்து, கோங்கலர் போன்ற பெயர்கள் வெறும் நிறத்தைக் குறிப்பனவாகத் தோன்றவில்லை. துணியின்மேல் அமைந்த வேலைப்பாட்டையே சுட்டுகின்றன என்பது என் கருத்து. ஆயினும் புலவர்களும் உரையாசிரியர்களும் துணியைச் சொன்ன அளவுக்கு, எதை எதனோடு சேர்த்து உடுத்தினார்கள் என்பதைச் சொல்லவில்லை. அதற்கு ஓவியத்தைத்தான் நாட வேண்டும். ஆந்திரத்தின் லேபாட்சியில் 1530களில், அச்சுதராயர் காலத்தில் எழுந்த வீரபத்திரர் கோயிலின் விதான ஓவியங்களில் பெண்கள் வரிசையாக நிற்கின்றனர். கோடு, கட்டம், பூ என ஒருத்தியின் ஆடைபோல் மற்றொருத்தியின் ஆடை இல்லை. உடலில் ஒரு வடிவம், கரையில் வேறொரு வடிவம். பிற்காலத் துணி வடிவமைப்பாளர்கள் அவ்விதானத்தை அண்ணாந்து பார்த்துப் படியெடுத்ததில் வியப்பில்லை.

சற்றே எண்ணிப் பார்த்தால், சேலை என்பதே பல வடிவங்களின் கூட்டுத்தான். உடல், கரை, முந்தி என மூன்று பகுதிகள். மூன்றுக்கும் மூன்று போக்கு. தறியின் இயல்பே இதற்கு இடம் தருகிறது. பாவில் நிறநூலை மாற்றி ஓட்டினால் கோடு பிறக்கும். அதே முறையில் ஊடையையும் மாற்றினால் கட்டம் பிறக்கும். கூடுதல் கருவியோ செலவோ வேண்டுவதில்லை; நெய்பவரின் கணக்கு ஒன்றே போதும். ஏழைக்கும் எட்டிய வடிவங்கள் கோடும் கட்டமுமே ஆனதற்கு இதுவே காரணம். காஞ்சிபுரத்து நெசவாளர் உடலின் நிறத்துக்கு மாறான கரையைத் தனித்தனி நாடாக்கொண்டு கோத்து நெய்வதைக் கோர்வை என்றும், மாறான நிறத்து முந்தியைப் பாவோடு பாவாக இணைப்பதைப் பெட்னி என்றும் வழங்குகின்றனர். மாறுபட்டவற்றை இணைப்பதற்கென்றே தொழிலில் இரு தனிச்சொற்கள் நிலைபெற்றிருப்பது கருதத்தக்கது. எங்கள் பக்கத்துக் கண்டாங்கியும் அவ்வாறே. மஞ்சள், அரக்கு, கறுப்பு நிறங்களில் தடித்த பருத்தி, உடலெங்கும் கட்டம், கரையோ ஒரு சாணுக்கும் மேல் அகன்று கட்டத்தை மறித்து நிற்கும். 2019இல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரைச் சுங்குடிக்கு 2005இலேயே கிடைத்துவிட்டது. துணியை முடிந்து முடிந்து சாயத்தில் தோய்த்துப் புள்ளி எழுப்பும் அக்கலையைச் சௌராட்டிர மக்கள் மதுரையில் நிலைநிறுத்தினர். இன்று சுங்குடி என்னும் பெயரில் விற்பனையாவதில் பெரும்பகுதி அச்சடித்த புள்ளியே என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தறியில் பிறந்தவை கோடும் கட்டமும் என்றால், பூவையும் கொடியையும் பெருக்கியது சீட்டி. சோழமண்டலக் கரையில் எழுதுகோலாலும் அச்சுக்கட்டையாலும் பருத்தித் துணியில் பூவும் மரமும் பறவையும் தீட்டினர். பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டிய டச்சுக்காரரும், பின்வந்த ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இத்துணியைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றனர். தம் நாட்டு நெசவு அழிகிறதென்று பிரான்சு 1686 முதல் 1759 வரை இதற்குத் தடை விதித்தது. இங்கிலாந்தும் 1721இல் அச்சிட்ட பருத்தியை உடுத்துவதையே குற்றமாக்கிச் சட்டம் இயற்றி, 1774இல்தான் அதை நீக்கியது. இங்கு ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. டச்சு நாட்டின் வடக்கே ஹிண்டலோப்பன் என்னும் சிறு துறைமுக ஊர் உண்டு. அவ்வூர்ப் பெண்களின் மரபுடையில் இந்தியச் சீட்டியில் தைத்த நீள் அங்கியும் இந்தியக் கட்டத்துணியும் ஒருங்கே அமைந்துள்ளன. நம் கரையிலிருந்து பூவும் கட்டமும் தனித்தனிப் பொதிகளாகப் போயிருக்கும். பனிக்காற்றில் வாழ்ந்த அப்பெண்களும் அவற்றை ஒரே உடலில் சேர்த்தே அணிந்தனர். அவர்களை எவரும் அழகுணர்வு அற்றவர் என்று சொன்னதில்லை. அருங்காட்சியகத்தில் அல்லவா வைத்திருக்கின்றனர்!

இத்தனை வடிவங்களும் ஒன்றோடொன்று மோதாமல் இருந்தது எப்படி? இதற்கு விடை வடிவத்தில் இல்லை, சாயத்தில் இருக்கிறது என்பது என் துணிபு. கடற்கரை மணலில் விளைந்த சாயவேர் சிவப்பைத் தந்தது. அவுரி நீலத்தைத் தந்தது. கடுக்காயும் இரும்பும் கூடிக் கறுப்பாயிற்று. மஞ்சளுக்கும் ஒன்றிரண்டு செடிகளே. படிகாரத்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் ஒரே வேரிலிருந்து சிவப்பின் சில படிகளைப் பெறுவர்; அவ்வளவே. ஆகவே எந்த ஊர்ச் சந்தையில் எந்தத் துணியை வாங்கினாலும் அது ஏறத்தாழ அதே சில சாயப்பானைகளிலிருந்து எழுந்து வந்ததே. கட்டத்தின் சிவப்பும் பூவின் சிவப்பும் உடன்பிறப்புகள். ஆதலால் எதை எதனோடு உடுத்தினாலும் கண் வருந்தியதில்லை. பொருத்தம் என்பது உடுத்துபவர் தேடிக் காணவேண்டிய ஒன்றாக இல்லை. துணியிலேயே ஊறிக் கிடந்தது.

ரவிக்கையின் கதை தனி. கச்சும் கஞ்சுகமும் பழஞ்சொற்களே எனினும், ரவிக்கை என்னும் சொல் தெலுங்கிலிருந்து நம்மிடம் வந்தது. எல்லாச் சமூகத்துப் பெண்களும் எல்லாக் காலத்தும் அதை அணிந்தவர்கள் அல்லர். அணிய விரும்பியவர்க்கும் உரிமை எளிதில் கிட்டவில்லை. தெற்கே திருவிதாங்கூரில் தோள்சீலைக்காகப் பெண்கள் அடியும் அவமதிப்பும் பட்டனர். 1859இல் வெளியான அரசாணை நாடார் பெண்கள் சட்டை அணியலாம், முரட்டுத்துணியால் மார்பை மறைக்கலாம் என்று இசைந்தது. ஆனால் உயர்சாதியார் போல மேலாடை உடுத்தக்கூடாது என்ற விலக்கையும் உடன் வைத்தது. துணி எது, அதை உடுத்தும் பாங்கு எது என்பதைப் பிறர் வகுத்த கொடுமை அது. மேலாடையும் கீழாடையும் ஒரே தானிலிருந்து வரவில்லையே என்று அப்பெண்கள் கவலைப்பட்டிருப்பார்களா?

ரவிக்கை பரவலான பின்னரும் அது சேலையின் பகுதியாக வரவில்லை என்பதே நம் வினாவுக்கு முதன்மையானது. சேலை வந்த வழி வேறு. ரவிக்கை வந்த வழி வேறு. சேலை தீபாவளிக்கு வாங்கியதாகவோ பிறந்தவீட்டுச் சீராகவோ இருக்கும். ரவிக்கைத் துண்டோ வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமத்தோடு தாம்பாளத்தில் வருவது. நவராத்திரிக்கு அழைத்த வீட்டில் ஒன்று, வளைகாப்பு வீட்டில் ஒன்று, புதுமனை புகுந்தவர் கொடுத்தது ஒன்று. கொடுத்தவரின் மனமும் கடைக்காரரின் கையிருப்புமே அதன் வடிவத்தை முடிவு செய்யும். பெற்றுக்கொண்டவர் அதைத் தம் சேலைகளுள் ஒன்றோடு இணைத்துக்கொள்வார், அல்லது அடுத்த வீட்டுத் தாம்பாளத்துக்கு அனுப்புவார். ஒரே துண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுத்தவரிடமே வந்து சேர்ந்த வேடிக்கைகளும் உண்டு. தாவணி அணியும் பெண்ணின் உடை இதனினும் பன்மை உடையது. தாயின் பழஞ்சேலையில் கிழியாத பகுதி பாவாடை. இன்னொரு சேலையின் பாதி தாவணி. யாரோ கொடுத்த துண்டு சட்டை. துண்டு போதாதபோது தையற்காரர் கைக்கு வேறு துணியை ஒட்டுப்போடுவார். ஓர் உடையில் நான்கு குடும்பங்களின் உறவு இருந்தது என்றால் மிகையாகாது.

வறுமைக்கும் இதில் பங்கு உண்டு. அதை மறைத்து இவ்வழக்கை வெறும் கலையாக்கிக் காட்டுவது நேர்மையாகாது. இரண்டாம் உலகப்போரின்போது 1943இல் துணிக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அளந்து கொடுத்த துணிக்காக வரிசையில் நின்றவர் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க இயலாது. அம்மாச்சிக்கு அப்போது ஒன்பது வயது. தானும் தன் அண்ணன்மாரும் ஒரே பச்சைக் கோட்டுத் துணியில் பாவாடையும் சட்டையுமாகத் திரிந்ததை அவர் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார். கோடு போட்ட மந்தை என்று ஊரார் அழைத்தார்களாம். எல்லாம் ஒரே துணியாக இருப்பதுதான் அவர்கள் கண்ணுக்கு இல்லாமையாகத் தெரிந்தது, பலவாக இருப்பதன்று.

இல்லாமை தந்ததை அப்படியே உடுத்தினார்கள் என்றும் எண்ணிவிடக்கூடாது. அம்மாச்சியிடம் எழுதப்படாத இலக்கணம் ஒன்று இருந்தது. சேலையைக் கொடியிலிருந்து எடுத்து, பெட்டியைத் திறந்து, ரவிக்கைகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பார். "பெரிசும் பெரிசும் மல்லுக்கு நிக்கும், பெரிசும் சிறிசும் தாயும் பிள்ளையுமா இருக்கும்" என்பது அவர் வாக்கு. சிறு கட்டத்துக்குப் பெரும்பூ. பெருங்கட்டத்துக்குக் கடுகளவு புள்ளி. கோட்டுச் சேலைக்குக் கோட்டு ரவிக்கை அமைந்துவிட்டால், ஒன்று நெடுக்காகவும் மற்றது குறுக்காகவும் ஓடும்படி தையற்காரரிடம் சொல்லி வெட்டச் செய்வார். எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு: "ரெண்டுக்கும் ஒரு நூலாவது உறவு வேணும்." சேலையின் கரையில் ஓடும் ஏதேனும் ஒரு நிறம் ரவிக்கைப் பூவின் நடுவிலோ இலையிலோ எங்கேனும் தலைகாட்ட வேண்டும். அந்த ஒற்றை நூலைக் கண்டுவிட்டால் அவர் முகத்தில் தோன்றும் நிறைவை நான் பார்த்திருக்கிறேன். உடலின் நிறத்தை விட்டுக் கரையின் நிறத்தில் ரவிக்கை அணியும் பட்டுச்சேலை மரபும் இவ்விதியின் செல்வர் வீட்டு வடிவமே எனலாம்.

இனி, மாற்றம் எங்கிருந்து வந்தது என்று காண்போம். 1856இல் செயற்கை ஊதாச் சாயமும், 1869இல் செயற்கைச் சிவப்பும், 1897இல் சந்தைக்கு வந்த செயற்கை நீலமும் சாயவேரையும் அவுரியையும் படிப்படியாக வீழ்த்தின. நிறங்கள் பத்தாக இருந்தது போய் எண்ணிலடங்காதவை ஆயின. சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு என்று கேட்கவேண்டிய நிலை வந்தது. உடன்பிறப்பாக இருந்த நிறங்கள் ஒன்றையொன்று அறியாத அயலார் ஆயின. எனினும் கறுப்பு வெள்ளைப் படமும் கறுப்பு வெள்ளைத் திரையும் இருந்தவரை வடிவமே கண்ணை ஆண்டது. 1961இல் வெளியான 'பாலும் பழமும்' படத்தில் சரோஜாதேவி உடுத்திய கட்டச்சேலை படத்தின் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. கட்டம்தான் பெயர் பெற்றது, நிறமன்று. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இலேயே வந்துவிட்டபோதிலும், வண்ணம் திரையின் பொதுவழக்காக மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. அதன்பின் நிறம் அரசாளத் தொடங்கியது. வாயிலும் நைலக்ஸும் வீட்டுக்கு வீடு புகுந்தன. டூ பை டூ ரூபியா என்னும் ஒற்றைநிற ரவிக்கைத் துணி நூற்றுக்கணக்கான நிறங்களில் அடுக்கடுக்காக வந்தது. மேட்சிங் சென்டர் என்ற பெயர்ப்பலகை கடைத்தெருதோறும் தொங்கியது. சேலையின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, கடை வாசலில் வெயிலில் நின்று, நிறத்தோடு நிறம் வைத்துப் பார்க்காத பெண் நம் தலைமுறையில் அரிது.

அவ்வாசலுக்கு நான் போன கதையைச் சொல்லாவிடில் இக்கட்டுரை பாதிதான். 1996இல் நகரத்துக் கல்லூரி ஒன்றில் இளங்கலைத் தமிழ் வகுப்பில் சேர்ந்தேன். முதல்நாள் அம்மாச்சி தேர்ந்துகொடுத்த அரக்குக் கட்டத் தாவணியும் மஞ்சள் பூச்சட்டையும் அணிந்து சென்றேன். இடைவேளையில் ஒரு மாணவி, "உங்கள் வீட்டில் கண்ணாடி இல்லையா?" என்று கேட்டாள். சுற்றியிருந்தோர் சிரித்தனர். அவள் மீது எனக்கு இன்று சினம் இல்லை. அவளும் எங்கோ கற்றுக்கொண்டதைத்தானே ஒப்பித்தாள்? அன்றிரவு விடுதியிலிருந்து வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினேன். உடுத்தத் தக்க உடை ஒன்றுகூட எனக்குத் தரவில்லை என்றும், எல்லாவற்றுக்கும் மேட்சிங் வேண்டும் என்றும் எழுதினேன். இரண்டு வாரத்தில் ஒரு பொட்டலம் வந்தது. பன்னிரண்டு ரூபியா ரவிக்கைகள். ஒவ்வொன்றிலும் எந்தத் துணிக்கு உரியது என்று ஒரு காகிதத்துண்டில் எழுதி, என் தாய் ஊக்கால் குத்தியிருந்தார். அவ்வாண்டுத் தீபாவளிக்கு வீட்டில் பெண்கள் எவரும் புதுச்சேலை எடுக்கவில்லை என்பதை நான் வெகுகாலம் கழித்தே அறிந்தேன். அதைவிடவும் தாமதமாக அறிந்தது மற்றொன்று. அக்கடிதத்தை என் தாய் உரக்கப் படித்தபோது அம்மாச்சி திண்ணையில் கேட்டுக்கொண்டிருந்தாராம். அதன்பின் அவரும் பூ ரவிக்கை அணியவில்லை. இறக்கும்வரை வெள்ளை ரவிக்கைதான்.

இன்று சேலையின் தலைப்பிலேயே ரவிக்கைத் துணியும் சேர்த்து நெய்யப்பட்டு வருகிறது. தாம்பாளத்தில் துண்டு வைக்கும் வழக்கம் தேய்ந்து, பெறுவோரும் தைக்காமல் அடுத்தவருக்கு அளிக்கும் சடங்குப் பொருளாகிவிட்டது. அதே வேளையில் பெருநகரக் கடைகளில் கட்டச் சேலைக்குக் கலம்காரி ரவிக்கையும், கோட்டுக் கீழாடைக்குப் பூ மேலாடையும் மிக்ஸ் அண்ட் மேட்ச் என்ற பெயரோடு புதுமையாக விலைபோகின்றன. உடுத்தும் இளம்பெண்கள் எவர் வீட்டில் கண்ணாடி இல்லை என்று எவரும் கேட்பதில்லை. விலைச்சீட்டுக்கு அத்தகைய ஆற்றல் உண்டு போலும்.

சென்ற ஆண்டு என் மகள் அம்மாச்சியின் பெட்டியிலிருந்து கண்டாங்கி ஒன்றை எடுத்து, கடையில் வாங்கிய பூவச்சுச் சட்டையை அதற்கு ரவிக்கையாக அணிந்து புறப்பட்டாள். என் தாய்க்கு இப்போது எழுபது நெருங்குகிறது. அவளை ஏற இறங்கப் பார்த்து, "இப்படியா ஆத்தா வெளியே போறது? பாக்கிறவுக என்ன நெனைப்பாக?" என்றார். நான் வாய்திறக்கவில்லை. உள்ளே சென்றவர் பீரோவைத் திறந்து, அரக்கு நிறத்தில் ஒரு ரூபியா ரவிக்கையைக் கொண்டுவந்து நீட்டினார். அதில் துருவேறிய ஊக்கும், எழுத்து மங்கிய காகிதத்துண்டும் இன்னும் இருந்தன. என் மகள் அதை வாங்கிப் படித்தாள். பின்னர் மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, சேலையின் கரையைத் தூக்கித் தன் சட்டையருகே பிடித்து, பூவின் நடுவில் இருந்த அரக்குப் புள்ளி ஒன்றை அவருக்குக் காட்டினாள். என் தாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு அவளை இழுத்துச் சென்றார்.